செண்ட் பூசாதவருக்கும் செண்ட் அலர்ஜி வரும்



வாசனை என்றாலே நமக்கு மங்களம். பிள்ளையைக் குளிப்பாட்டினால் சாம்பிராணிப் புகை. கல்யாணத்துக்குப் போனால் வாசலிலேயே பன்னீரும் சந்தனமும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் ஊதுபத்தி. தலைக்கு மல்லிகை, முகத்துக்குப் பவுடர், தலைவலிக்குத் தைலம். லயத்து வீட்டில் இருந்தாலும் சரி, தோட்டத்தை விட்டுச் சிரம்பான் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனாலும் சரி, இந்தப் பழக்கம் நம்மோடு கூடவே வருகிறது.

ஆனால் இந்த வாசனையே சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. கழுத்தில் அரிப்பு, காதின் பின்னால் வெடிப்பு, கண் இமையில் வீக்கம், அக்குளில் சிவப்பு, கையில் மாதக்கணக்கில் ஆறாத சிரங்கு என்று பல வேஷத்தில் அது வருகிறது. டாக்டர், "இது வாசனைப் பொருளால் வந்த ஒவ்வாமை" என்று சொன்னால், "நான் ஆயுசுக்கும் செண்ட் பூசினதே இல்லையே, எனக்கு எப்படி வரும்?" என்றுதான் நம்மில் பலர் கேட்போம்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். செண்ட் என்பது செண்ட் பாட்டிலில் மட்டும் இல்லை. நம் வீட்டில் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் குணமாகிறார்கள். கண்டுபிடிக்காதவர்கள் களிம்பு மேல் களிம்பாக வாங்கிக் காசைக் கரைக்கிறார்கள்.

ஒவ்வாமை என்றால் என்ன?

தோட்டத்து ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு ஆள் வந்தால் முதல் நாள் ஒன்றும் சொல்லமாட்டார். ஆளை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வார். இவன் ஆபத்தான ஆள் என்று அவர் மனதில் பதிந்துவிட்டால், பிறகு அந்த ஆள் வேலி ஓரம் தலை காட்டினாலும் போதும், விசில் ஊதி ஊரையே கூட்டிவிடுவார்.

நம் உடம்பிலும் இப்படி ஜாகா வேலை பார்க்கும் வெள்ளை அணுக்கள் உண்டு. ஒரு வாசனைப் பொருள் தோல் வழியாக உள்ளே போகும்போது, சிலருடைய உடம்பில் இந்த அணுக்கள் அதை எதிரி என்று தவறாகப் பதிந்துகொள்கின்றன. இப்படிப் பதிவதற்குச் சுமார் 10 முதல் 14 நாட்கள் ஆகும். சிலருக்கு அதே பொருளைப் பல வருஷம் உபயோகித்த பிறகும் பதியலாம். பதிந்த பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் தோல் சிவந்து, தடித்து, அரிக்கும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும்.

முதலாவது, "இருபது வருஷமா இதே சோப்புதான் போடறேன், இன்னைக்கு மட்டும் எப்படி ஒத்துக்காமப் போகும்?" என்ற வாதம் செல்லாது. இருபதாவது வருஷத்திலும் வரலாம்.

இரண்டாவது, விலை உயர்ந்த சரக்கு, மலிவான சரக்கு என்ற வித்தியாசம் இதில் கிடையாது. உடம்பு பதிந்து வைத்த பொருள் அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது மிக முக்கியமானது. பொருள் பட்டவுடனே அரிப்பு வருவதில்லை. பெரும்பாலும் 1 முதல் 3 நாட்கள் கழித்துத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் பன்னீர் பட்டால் செவ்வாய்க்கிழமை கழுத்து அரிக்கும். அதற்குள் திங்கட்கிழமை கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருப்போம். பழி கருவாட்டின் மேல் விழும். கருவாடு, கத்தரிக்காய், இறால், முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, பிள்ளைகளும் சத்தில்லாத சோறு சாப்பிடும் வீடுகள் உண்டு. உண்மையான குற்றவாளி குளியலறைத் தட்டிலேயே உட்கார்ந்திருப்பான்.

வேறொன்றும் உண்டு. செண்ட் வாசம் பட்டாலே தும்மல், தலைவலி, நெஞ்சு இறுக்கம் என்று சிலர் சொல்வார்கள். அது தோலில் வரும் இந்த ஒவ்வாமை அல்ல. மூக்கையும் மூச்சுக்குழாயையும் வாசனையும் புகையும் உறுத்துவதால் வருவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. "சும்மா நடிக்கிறாள்" என்று தள்ளிவிடக் கூடாது.

எங்கெங்கே ஒளிந்திருக்கிறது?

குளியல் சோப்பு, ஷாம்பு, முகப்பவுடர், வாசனைத் தேங்காயெண்ணெய், சவரம் செய்தபின் பூசும் லோஷன் ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. பலர் நினைத்துப் பார்க்காத இடங்கள் இவை:

துணி சோப்புத்தூளும், துணியை மிருதுவாக்கப் போடும் வாசனைத் திரவமும். இவை சட்டையிலேயே தங்கும். காட்டில் வேர்த்து ஊறும்போது தோலில் இறங்கும். அக்குள், இடுப்பு, முதுகு என்று சட்டை ஒட்டும் இடங்களில் அரித்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் மருந்து. எலுமிச்சை, ஆரஞ்சு வாசம் தரும் பொருள்கள் பாட்டிலைத் திறந்து வைத்துக் காற்றுப் படப் பட, இன்னும் அதிகமாக ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாக மாறுகின்றன. பழசாகிப்போன வாசனைச் சாமான் புதியதைவிட மோசம்.

தைலங்கள். புலித் தைலம் போன்றவற்றில் கிராம்பு எண்ணெயும் பட்டை எண்ணெயும் உண்டு. உடம்பு வலிக்குத் தைலம் தேய்க்காத தோட்ட வீடு ஏது? தேய்த்த இடம் சிவந்து அரித்தால், "மருந்து வேலை செய்யுது" என்று இன்னும் அழுத்தித் தேய்ப்போம். அதுதான் தவறு.

ஈரத் துடைப்புக் காகிதம், குழந்தைப் பவுடர், குழந்தை எண்ணெய், கொசு விரட்டும் சிட்ரோனெல்லா எண்ணெய், காரில் தொங்கும் வாசனைப் பொம்மை. சொறிக்கு என்று வாங்கும் களிம்பிலும் சில சமயம் வாசனை கலந்திருக்கும்.

இவை போதாதென்று அடுத்தவர் பூசியதும் உண்டு. கணவன் பூசிய செண்ட் மனைவியின் கழுத்தில் அரிப்பைத் தரும். பாட்டி கையில் உள்ள வாசனை எண்ணெய் பேரப்பிள்ளையின் கன்னத்தைச் சிவக்க வைக்கும். பூசியவருக்கு ஒன்றும் ஆகாது. அதனால் யாரும் அவரைச் சந்தேகிப்பதில்லை.

"இயற்கைச் சரக்குத்தானே, என்ன செய்யும்?"

இப்படிக் கேட்டுத்தான் நாம் ஏமாறுகிறோம். 1977-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்டர் லார்சன் என்ற தோல் டாக்டர், வாசனை ஒத்துக்கொள்ளாத 20 நோயாளிகளைச் சோதித்து, எந்தெந்தப் பொருள் காரணம் என்று ஆராய்ந்தார். அந்த வேலையிலிருந்து 8 வாசனைப் பொருள்களைச் சேர்த்த ஒரு சோதனைக் கலவை உருவானது. இன்றும் உலகம் முழுதும் தோல் மருத்துவர்கள் அதை உபயோகிக்கிறார்கள். அந்த 8-இல் பாதி, கிராம்பிலும் பட்டையிலும் உள்ள பொருள்களும் அவற்றின் நெருங்கிய உறவுகளுமே. ரோஜாவிலும் எலுமிச்சைப் புல்லிலும் உள்ள பொருள் ஒன்றும் அதில் உண்டு. நமது அஞ்சறைப் பெட்டிக்கும் அந்தப் பட்டியலுக்கும் தூரம் அதிகமில்லை. கறியில் போட்டுச் சாப்பிடுவதால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே சத்தைப் பிழிந்து எண்ணெயாக்கித் தோலில் தேய்க்கும்போதுதான் வம்பு.

1970-களில் ஜப்பானில் நிறையப் பெண்களுக்கு முகம் பழுப்பாகவும் கருப்பாகவும் மாறியது. தோல் டாக்டர்கள் துருவித் துருவிப் பார்த்ததில், முகப்பூச்சுகளில் இருந்த சில சாயங்களும் வாசனை எண்ணெய்களும் காரணம் என்று தெரிந்தது. அந்த எண்ணெய்களில் மல்லிகை, சந்தனம், கெனாங்கா பூ ஆகியவற்றின் எண்ணெய்கள் இருந்தன. காரணமான பொருள்களை அறவே நீக்கிய சோப்பும் பூச்சும் கொடுத்தபோது கருமை மெல்ல மெல்லக் குறைந்தது.

இதை நாம் கவனிக்க வேண்டும். நம் பெண்களுக்கு முகத்தில் கருமை படிந்தால், "மங்கு விழுந்திருக்கு", "வெயில்ல மரம் வெட்டுனதுல கறுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். வெயிலும் காரணமாக இருக்கலாம், மங்காகவும் இருக்கலாம். ஆனால் வாசனை ஒவ்வாமையும் சிலருக்கு அரிப்பே அதிகமில்லாமல் கருமையாகவே வெளிப்படும். அதை மறைக்க மேலும் பவுடர் பூசினால் கருமை மேலும் ஏறும்.

குங்குமத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1986-இல் சிங்கப்பூரில், குங்குமம் வைத்த இடத்தில் கருமை படிந்த பெண்களைப் பற்றித் தோல் மருத்துவர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே குற்றவாளி குங்குமத்தில் கலந்த சாயம். ஆகவே நெற்றியில் மட்டும் பிரச்சினை என்றால் வாசனையோடு சாயத்தையும், ஒட்டுப்பொட்டின் பசையையும் சந்தேகிக்க வேண்டும்.

ஊதுபத்தி விஷயமும் உண்டு. முன்பு வாசனைச் சாமான்களிலும் ஊதுபத்தியிலும் சேர்க்கப்பட்ட மஸ்க் அம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரி, தோலில் கருமையும் வெண்மையும் உண்டாக்கியதை ஜப்பானிய மருத்துவர்கள் 1980-களில் கண்டறிந்தார்கள். பின்னர் ஐரோப்பாவில் அது அழகுச் சாமான்களில் தடை செய்யப்பட்டது.

வெள்ளைத் தழும்பு கண்டு பயப்பட வேண்டாம்

தோலில் வெள்ளையோ சிவப்போ விழுந்தால், "பெரிய வியாதியோ" என்று பயந்து மறைப்பவர்கள் இன்னும் உண்டு. சுங்கை பூலோவில் 1930-இல் குஷ்டரோகிகளுக்கென்று தனிக் குடியிருப்பு வைத்த காலத்துப் பயம் நம் குடும்பங்களில் இன்னும் முழுதாகப் போகவில்லை. அரிக்கும் தடிப்பு பெரும்பாலும் ஒவ்வாமையோ படையோதான். குஷ்டரோகத் தழும்பு பொதுவாக அரிப்பதில்லை, அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். தொட்டால் தெரியாத தழும்பு இருந்தால் மறைக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். அந்த வியாதிக்கும் இன்று முழுக் குணம் தரும் மருந்து உண்டு. ஒவ்வாமை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதே இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முழுத் தோல் என்பது நல்ல வேலி. வெடித்த தோல் என்பது ஓட்டை வேலி. பால் வாளியிலும் தண்ணீரிலும் ஊறிய கை, பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் பட்ட கை, உரம் அள்ளிய கை, செம்பனைத் தண்டின் முள் கீறிய கை எல்லாம் ஓட்டை விழுந்த வேலிகள். அந்தக் கையைக் காட்டமான வாசனைச் சோப்புப் போட்டு மூன்று முறை தேய்த்தால், வாசனைப் பொருள் நேரே உள்ளே போகிறது. தோட்டத்தை விட்டுப் போய்ப் பட்டணத்தில் கட்டடம் துப்புரவு செய்யும் தாய்மார்களுக்கும் இதே கதைதான். நாள் முழுக்கக் கை வாசனைத் தண்ணீரில் ஊறுகிறது.

கையுறை போடுங்கள். ஆனால் ரப்பர் கையுறையிலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாத ரசாயனம் உண்டு. மணிக்கட்டு வரை கோடு போட்டதுபோல் அரித்தால் உள்ளே பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாம், அல்லது பிளாஸ்டிக் கையுறைக்கு மாறலாம். கை கழுவும் இடத்தில் வாசனையில்லாத சோப்பு வைக்கும்படி கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. அதற்கு நிர்வாகத்துக்குப் பெரிய செலவும் இல்லை. தனியாகக் கேட்கத் தயங்குபவர்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வேலையிடத்துப் பொருள்களால் வரும் தோல் நோய், சொக்சோ சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் உண்டு. அதற்கு டாக்டரின் எழுத்து வேண்டும். ஆகவே கைச்சிரங்குக்குப் போகும்போது, "கை அரிக்குது" என்று மட்டும் சொல்லாமல், என்ன வேலை, எந்த மருந்து, எந்தச் சோப்பு, லீவு நாளில் குறைகிறதா என்று எல்லாவற்றையும் சொல்லிக் கார்டில் எழுத வையுங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டிலேயே செய்யக்கூடியது முதலில். தோலில் படும் வாசனைச் சாமான் அத்தனையையும் ஒரே நாளில் நிறுத்துங்கள். ஒன்றை நிறுத்தி ஒன்றை வைத்துக்கொண்டால் உண்மை தெரியாது. குளிக்க வாசனையில்லாத சோப்பு அல்லது வெறும் தண்ணீர். தலைக்கும் உடம்புக்கும் வாசனை சேர்க்காத சுத்தத் தேங்காயெண்ணெய். துணிக்கு வாசனையில்லாத சோப்பு, அதையும் ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள். இப்படி 4 முதல் 6 வாரம் இருந்து பாருங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களும் கூடியவரை ஒத்துழைக்க வேண்டும்.

தணிந்துவிட்டால், பிறகு வேண்டிய சாமானை ஒவ்வொன்றாகத் திரும்பச் சோதிக்கலாம். பூசும் எண்ணெயோ களிம்போ என்றால், முழங்கையின் உள்பக்கம் ஒரு காசு அளவு இடத்தில் காலையும் மாலையும் 7 நாள் தொடர்ந்து பூசுங்கள். சிவக்காவிட்டால் ஓரளவு நம்பலாம். சிவந்தால் அன்றோடு நிறுத்துங்கள். சோப்பு, ஷாம்பு போன்றவற்றை இப்படிக் கழுவாமல் விட்டுச் சோதிக்கக் கூடாது. அவை யாருடைய தோலையும் உறுத்தும்.

இதில் தெரியாவிட்டால் ஒட்டுச் சோதனை இருக்கிறது. யோசெப் யாதசோன் என்ற மருத்துவர் 1895-இல் உலகுக்கு அறிவித்த முறை இது. சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்னப் பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். ஊசி இல்லை, இரத்தம் இல்லை. 2 நாள் கழித்துப் பட்டையை எடுத்துப் பார்ப்பார்கள். 3-ஆம் அல்லது 4-ஆம் நாள் மறுபடியும் பார்ப்பார்கள். எந்தப் பொருள் வைத்த இடம் தடிக்கிறதோ அதுதான் எதிரி.

தோட்டத் தொழிலாளிக்கு இதில் ஒரு சிரமம் உண்டு. பட்டை ஒட்டியிருக்கும் நாட்களில் முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது. மரம் வெட்டிக்கொண்டோ குலை தூக்கிக்கொண்டோ இதைச் செய்ய முடியாது. ஆகவே தேதி வாங்கும்போதே டாக்டரிடம் வேலையைப் பற்றிச் சொல்லி, மருத்துவ விடுப்புக் கேளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 2 வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், 2 முதல் 5 வருஷம் வரை 18 நாளும், 5 வருஷத்துக்கு மேல் 22 நாளும் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. அது தருமம் அல்ல, உரிமை.

முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். அவர்கள் கடிதம் கொடுத்தால் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் தோல் மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். போகும்போது வீட்டில் உபயோகிக்கும் சோப்பு, பவுடர், தைலம், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "ஏதோ ஒரு பச்சை சோப்பு" என்று சொல்வதைவிட, அட்டைப்பெட்டியைக் காட்டுவது நூறு மடங்கு மேல்.

லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

2008-ஆம் ஆண்டு முதல் ஆசியான் நாடுகளின் பொது விதிப்படி, நம் நாட்டில் விற்கும் அழகுச் சாமான்களில் என்னென்ன கலந்திருக்கிறது என்று லேபிளில் போடவேண்டும். ஆனால் வாசனையை மட்டும் ஒரே சொல்லில் அடக்கிவிட அனுமதி உண்டு. அந்த ஒரு சொல்லுக்குள் ஐம்பது பொருளும் இருக்கலாம், நூறு பொருளும் இருக்கலாம். அந்தச் சொற்கள் இவை: பர்ஃப்யூம், பார்ஃபம், ஃப்ராக்ரன்ஸ், அரோமா. மலாயில் பெவாங்கி. படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கேட்டு, இந்தச் சொற்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் 2003-இல் கொண்டுவந்த சட்டப்படி 26 வாசனைப் பொருள்களை அளவு மீறினால் தனித்தனியே பெயர் சொல்லிப் போடவேண்டும். 2023-இல் அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக நீட்டினார்கள். ஆகவே சில சாமான்களில் லினலூல், லிமோனின், ஜெரானியால், யூஜெனால், சிட்ரால் என்ற பெயர்களைக் காணலாம். அவையும் வாசனைதான்.

ஒரு தந்திரம் உண்டு, கவனம். "அன்சென்டட்" என்று போட்டிருந்தால் மணக்காது என்றுதான் அர்த்தம். மணத்தை அமுக்குவதற்கே வேறொரு வாசனை சேர்த்திருக்கலாம். "ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ" அல்லது மலாயில் "தன்பா பெவாங்கி" என்று இருக்கவேண்டும். அப்போதும் பட்டியலை ஒரு முறை பாருங்கள். "மூலிகை", "ஆயுர்வேதம்", "நேச்சுரல்", "குழந்தைகளுக்கு ஏற்றது" என்ற சொற்கள் விளம்பரத்துக்கு. ஒவ்வாமை உள்ளவருக்கு அவை உத்தரவாதம் அல்ல.

அரிப்பு வந்துவிட்டால்

வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து 10 நிமிஷம் வையுங்கள். பிறகு வாசனையில்லாத வெள்ளை வாஸ்லினைத் தடவுங்கள். எலுமிச்சை, பற்பசை, தைலம், மண்ணெண்ணெய் எதையும் வைக்கவேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் தீப்புண் போலக் கொப்புளித்துக் கருத்துவிடும்.

டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பை அவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் மட்டும் போடுங்கள். அது அரிப்பை அடக்கும், காரணத்தை நீக்காது. காரணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு களிம்பு போடுவது, ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் பிடிப்பது போல. முகத்துக்கு மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து நரம்பு தெரியும். ராத்திரிச் சந்தையிலும் கைபேசி விளம்பரத்திலும் விற்கும் "மூன்று நாளில் வெளுக்கும்" களிம்புகளை வாங்காதீர்கள். பாதரசமும் அறிவிக்கப்படாத மருந்தும் கலந்த களிம்புகளின் பெயர்களைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது வெளியிட்டு, அவற்றைத் தடை செய்துகொண்டேதான் இருக்கிறது.

உதடும் நாக்கும் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ களிம்பு தேடிக்கொண்டிருக்காமல் உடனே 999-க்கு அடியுங்கள்.

நல்லது கெட்டதுக்குப் போக வேண்டாமா?

கட்டாயம் போகவேண்டும். அரிப்பைவிட மோசமானது, ஊரோடு ஒட்டாமல் ஒதுங்கிப்போவது. "பன்னீர் தெளிச்சா ஒத்துக்கலைன்னு சொன்னா, மாமி கோவிச்சுக்குவாங்களே" என்று பயந்தே கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடும் பெண்கள் உண்டு. வாசலில் நிற்கும் பிள்ளையிடம் இரண்டு கையும் கூப்பி, "எனக்கு உடம்புக்கு ஆகாதும்மா, வாங்கிக்கிட்டதா வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் கோபிக்கமாட்டார்கள். சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைப்பதற்குப் பதிலாகக் கும்பிட்டுக்கொள்ளலாம். தலைக்கு மல்லிகைக்குப் பதில் வாசமில்லாத கனகாம்பரம் வைக்கலாம். திருநீற்றிலும் வாசனை சேர்ப்பதுண்டு, சேர்க்காததைக் கேட்டு வாங்குங்கள்.

கோயிலில் புகை வரும் திசைக்கு எதிராக நில்லுங்கள். வீட்டில் ஊதுபத்தி ஏற்றினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். விளக்கு ஒன்றே போதும் என்று சாமி கோபித்துக்கொள்ளமாட்டார். கொசுவத்தியையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவிலும் சீனாவிலும் விற்கும் கொசுவத்திகளை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வு, ஒரே ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் பிடித்ததற்குச் சமம் என்று கூறியது. மூடிய அறையில் இளைப்புள்ள பிள்ளையைப் படுக்க வைத்து அதைக் கொளுத்துவதைவிடக் கொசுவலை கட்டுவது மேல்.

சட்டையில் செண்ட் அடித்துக்கொண்டால் தோலில் படாது என்று நினைக்கவேண்டாம், வேர்வையில் ஊறி இறங்கும். வீட்டில் ஒருவருக்கு ஒவ்வாமை என்றால், மற்றவர்கள் செண்ட் பூசுவதை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்வது பெரிய தியாகம் அல்ல. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பது போல அதுவும் ஒரு அன்பு.

மறக்கக் கூடாதவை

1. செண்ட் பாட்டிலை மட்டும் சந்தேகிக்காதீர்கள். சோப்பு, துணித்தூள், எண்ணெய், தைலம் எல்லாவற்றையும் பாருங்கள்.

2. அரிப்பு வந்தால் அன்றைய சாப்பாட்டை மட்டும் பார்க்காமல், முந்திய 3 நாளில் தோலில் பட்டதை நினைத்துப் பாருங்கள்.

3. "இயற்கை" என்பதால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை.

4. பழகிய சாமானும் ஒரு நாள் பகையாகலாம்.

5. ஒவ்வாமை தொற்றாது. ஒதுக்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம்.

6. கையில் சிரங்கு ஆறாமல் இருந்தால் வேலையைப் பற்றி டாக்டரிடம் முழுதும் சொல்லுங்கள்.

பதிந்துவிட்ட ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுதும் இருக்கும். அதை அழிக்க மாத்திரை கிடையாது. ஆனால் எதிரி யார் என்று தெரிந்து, அவனை வீட்டுக்குள் விடாமல் இருந்தால், அரிப்பே இல்லாமல் ஆயுள் முழுதும் வாழலாம். இதற்குச் செலவு அதிகமில்லை. வேண்டியதெல்லாம் கொஞ்சம் கவனம், கொஞ்சம் பொறுமை, வீட்டாரின் ஒத்துழைப்பு.

இந்த வாரம் லீவு நாளில் குளியலறைத் தட்டை ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள். அங்கே இருக்கும் டப்பாக்களில் எத்தனையில் "பெவாங்கி" என்று எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளை விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை உங்களுக்கே ஆச்சரியம் தரும். உழைப்பவனுக்கு உடம்பே முதல். அந்த முதலைக் காப்போம்!